வன்னி வீதிக்கு எந்தக் கொந்தராத்து? தண்ணீரின் பக்கமிருந்து ஒரு கணக்கு

எங்கள் பக்கம் ஒரு வீதி காப்பெற் ஆகப்போகிறது என்று கதை வந்தால், சந்தியில் நிற்பவர்கள் கேட்பது இரண்டே கேள்வி: எத்தனை கிலோமீற்றர், கொந்தராத்து ஆருக்கு. என்ன வகைக் கொந்தராத்து என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் காணவில்லை. வீதி முடிந்து வரும் முதல் மாரியில் பக்கத்து வயலில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்பது பெருமளவு அந்தக் கேட்கப்படாத கேள்வியில்தான் தங்கியிருக்கிறது.

வடக்கில் வீதி வேலைக்குப் புழங்கும் முறைகளை நான்காகப் பிரிக்கலாம். அரச தரப்பே வரைபடம் தயாரித்து, செய்த வேலையை அளந்து காசு கொடுப்பது ஒன்று. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் சேர்த்து ஒரு மொத்தத் தொகைக்கு ஒருவரிடமே ஒப்படைப்பது இன்னொன்று. கட்டியவரே பிறகு சில ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும் என்பது மூன்றாவது. சிறு வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ கமக்காரர் அமைப்போ எடுத்துச் செய்வதும் உண்டு. காப்பெற்றின் தடிப்பு, கிரவலின் தரம் என்பவற்றை எந்த முறையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கண்காணிக்கலாம்; அவற்றுக்கு ஆய்வுகூடச் சோதனை இருக்கிறது. வீதிக்குக் கீழால் தண்ணீரைக் கடத்தும் மதகு போதுமா போதாதா என்பதை எந்த ஆய்வுகூடமும் சொல்லாது. கார்த்திகை மாதம்தான் சொல்லும், அப்போது ஒப்பந்தக்காரரின் முகாம் கழற்றப்பட்டிருக்கும்.

பேச்சுக்கு ஒரு வீதியை எடுத்துக்கொள்வோம். 18 கிலோமீற்றர் நீளமான மாகாண வீதி, கிழக்கு மேற்காகப் போகிறது. தெற்குப் பக்கத்தில் மூன்று சிறு குளங்கள். அவை நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வீதியைக் கடந்துதான் கீழே போகவேண்டும். ஓரிடத்தில் பழைய தாம்போதி, அதாவது வெள்ளத்தைத் தன் மேலால் பாயவிடும் தாழ்ந்த வீதித் துண்டு. இருபதுக்கு மேல் குழாய் மதகுகள், பாதி தூர்ந்துபோனவை. இதற்கு எந்த ஒப்பந்த முறை நல்லது?

கிழக்கு மேற்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வந்து இரணைமடுவை நிரப்பி, அங்கிருந்து வடக்கே சுண்டிக்குளம் களப்பை நோக்கிப் போகிறது. ஏ9 வீதியும் பெரும்பாலும் அந்தத் திசையிலேயே தண்ணீரோடு கூடப் போகிறது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 அதற்குக் குறுக்கே கிடக்கிறது. இரணைமடுவுக்குக் கீழேயும் களப்புக்கு மேலேயும் நின்று, வடக்கே இறங்கும் தண்ணீரை மறிக்கிறது. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 கார்த்திகையில் டித்வா புயல் மழைக்குப் பிறகு இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் வந்து 120 அடி நீளமான பெய்லி பாலம் போட்டதும் இதே ஏ35இல்தான். தண்ணீருக்குக் குறுக்கே உயர்த்திப் போடும் எந்த வீதியும் ஒரு குளக்கட்டு. உண்மையான குளக்கட்டுக்கு மிகுந்த தண்ணீர் வழிய வானும், திறந்துவிடத் துருசும் இருக்கும். வீதிக்கு நாம் வைக்கும் மதகுகள்தான் இரண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஒரு மதகுக்கு மேலே 200 ஹெக்டேயர் நிலத்திலிருந்து தண்ணீர் வருகிறது என்று வையுங்கள். மழையின் கடுமை மணிக்கு 60 மில்லிமீற்றர். விழும் மழையில் எத்தனை பங்கு ஓடும் என்பதற்கு ஓட்டக் குணகம் என்ற ஓர் எண்ணை எஞ்சினியர் தெரிவு செய்யவேண்டும். 0.4 என்று எடுத்தால் செக்கனுக்கு 13 கனமீற்றர் வரும். 0.6 என்று எடுத்தால் 20. இரண்டையும் ஒரு எஞ்சினியர் மேசையில் இருந்தபடி நியாயப்படுத்தலாம். காடும் மணலும் கலந்த நிலம் என்று சொல்லி 0.4ஐ எழுதலாம். ஐப்பசி மழைக்கு அது சரியும்கூட, மண் குடிக்கும். கார்த்திகைக் கடைசியில் மண் நிரம்பி, குளம் நிரம்பி, விழுவதெல்லாம் ஓடும்போது 0.6கூடக் குறைவுதான். ஒரு 900 மில்லிமீற்றர் ஹியூம் (கொங்கிறீற்) குழாய், தண்ணீர் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் நிரம்பிப் போனால், 1.3 கனமீற்றருக்கு மேல் விடாது. இரட்டைக் குழாய் போட்டால் இரண்டரை. 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரமான பெட்டி மதகு ஒன்று, செக்கனுக்கு இரண்டரை மீற்றர் வேகத்தில், சுமார் 15 கனமீற்றரைக் கடத்தும். ஆக, ஒரு குணகத்தை யார் தெரிவு செய்கிறார், அதைத் தெரிவு செய்யும்போது அவருடைய காசு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் ஒரு பெட்டியா இரண்டா என்பது முடிவாகிறது.

அளந்து கொடுக்கும் முறையை முதலில் பார்ப்போம். பிடிக் (FIDIC) என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியியலாளர் சம்மேளனத்தின் ஒப்பந்த நிபந்தனைகளில் சிவப்புப் புத்தகம் என்று சொல்வது இதைத்தான். எங்கள் நாட்டில் முன்பு இக்டாட் என்றும் 2014 சட்டத்துக்குப் பிறகு சீடா என்றும் அழைக்கப்படும் கட்டுமானத் துறை நிறுவனத்தின் மாதிரிப் பத்திரங்களும் பெரும்பாலும் இந்த வழியில் போகிறவை. வரைபடம் அரச தரப்புடையது. மதகு சிறிது என்று பிறகு தெரிந்தால் அது அரச தரப்பின் பிழை. திருத்தச் சொல்லி உத்தரவு கொடுத்தால் ஒப்பந்தக்காரர் செய்வார், காசும் எடுப்பார். அவருக்கு ஒரு மதகு கூடினால் வருமானம், குறைந்தால் நட்டம். கிராமத்தவர்கள் வந்து “தம்பி, இதில மாரிக்குத் தண்ணி பாயும், ஒரு மதகு வையுங்கோ” என்று கேட்டால் அவர் மறுக்கமாட்டார். எங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த ஆறுதலுக்கு இரண்டு ஓட்டைகள். வரைபடம் தயாரிக்கும் குழு பெரும்பாலும் கோடையில் வருகிறது. அப்போது வன்னியில் எந்தப் பள்ளமும் பள்ளமாகத் தெரியாது. போர்க்காலத்து மழைப் பதிவுகளில் இடைவெளிகள் இருக்கின்றன; பழைய வரைபடத்தில் உள்ள சில சிறு குளங்கள் கைவிடப்பட்டுக் காடாகியிருக்கின்றன, சில மீளக் கட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் குளம் இன்று தண்ணீரைப் பிடிக்கிறதா, உடைந்து விடுகிறதா என்பது மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. இரண்டாவது ஓட்டை, மாற்றத்துக்கான அனுமதி. எதிர்பாராத செலவுக்கென்று வைக்கும் பணம் பெரும்பாலும் பத்து வீதத்தைத் தாண்டாது. அது தீர்ந்தபின் ஒவ்வொரு புதிய மதகும் கோப்பாகி மேலே போகும். நான் பார்த்த ஒரு வேலையில், பெட்டி மதகு ஒன்றுக்கான அனுமதி கேட்டது வைகாசியில், கிடைத்தது தை மாதத்தில். இடையில் மாரி வந்து போய்விட்டது. அந்த இடத்தில் போட்டிருந்த தற்காலிகக் கிரவல் பாதையும் மாரியோடு போனது.

மழை பற்றி ஒரு சின்ன விடயம், சந்திப்புகளில் அடிக்கடி குழப்பப்படுவது. எதிர்பார்த்திருக்க முடியாத நில நிலைமைகளுக்கு ஒப்பந்தக்காரர் இழப்பீடு கேட்கலாம் என்ற, சிவப்புப் புத்தகத்தின் 4.12 விதியில், காலநிலை வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. வழக்கத்துக்கு மாறான கடும் மழைக்கு அவருக்குக் காலம் நீடித்துக் கிடைக்கும், காசு கிடைக்காது. “மழையால் பிந்தினதுக்கும் நாங்கள்தான் காசு கட்டவேணும்” என்று பயந்து அரச தரப்பு ஓடத் தேவையில்லை.

அடுத்தது வடிவமைத்துக் கட்டும் முறை, மஞ்சள் புத்தகம். அமைச்சுகளுக்கும் கடன் கொடுப்பவர்களுக்கும் இதில் ஓர் ஈர்ப்பு: ஒரே தொகை, ஒரே பொறுப்பாளி, வரைபடத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நீளமான வீதிகள் இந்த வழியில் விரைவாக முடிகின்றன என்பது உண்மை. கட்டியது “நோக்கத்துக்குப் பொருத்தமாக” இருக்கவேண்டும் என்ற கடப்பாடும் இதில் ஒப்பந்தக்காரர் தலையில் விழுகிறது. இது அரச தரப்பை நன்றாகப் பாதுகாக்கும் வாசகம் என்று பலர் நம்புகிறார்கள். நானும் ஒரு காலம் நம்பினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் நடந்தது இது. வீதி எக்காலத்திலும் பயணிக்கக் கூடியதாக இருக்கவேண்டும் என்று, அரச தரப்பு தனக்கு வேண்டியதைச் சொல்லும் கேட்புப் பத்திரத்தில் இருந்தது. நல்ல வாசகம்தானே. வீதியில் 60 மீற்றர் நீளமான தாம்போதி ஒன்று இருந்தது. மாரியில் அதன் மேலால் ஓரடி தண்ணீர் பாயும். பஸ் நிற்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றிப் போவார்கள், ஓரிரு நாளில் வடியும். ஒப்பந்தக்காரரின் வடிவமைப்பாளர் தாம்போதியை எடுத்துவிட்டு, வீதியை 700 மில்லிமீற்றர் உயர்த்தி, கீழே நான்கு 900 குழாய்களைப் போட்டார். வீதி அழகாக வந்தது. ஓரடி ஆழத்தில், செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடினாலே அந்தத் தாம்போதி 18 கனமீற்றர் கடத்திக்கொண்டிருந்தது. நான்கு குழாயும் சேர்ந்து ஐந்து. மிச்சம் பதின்மூன்று எங்கே போகும்? மேற்பக்கத்து வயலில் ஏறி நின்றது. காலபோக நெல் விதைத்து மூன்று கிழமை. பயிர் ஒரு சாண்கூட இல்லை. ஐந்தாம் நாள் இரவு கமக்காரர்கள் மண்வெட்டியோடு வந்து வீதியை வெட்டிவிட்டார்கள். காலையில் நான் போனபோது காப்பெற்றுக்கு நடுவில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது.

பிழை யாருடையது என்று நாங்கள் இரண்டு மாதம் கடிதம் எழுதிக்கொண்டோம். ஒப்பந்தக்காரரின் வாதத்தை என்னால் உடைக்க முடியவில்லை: வீதி தண்ணீரில் மூழ்கவில்லை, வாகனம் ஓடியது, கேட்டதைக் கொடுத்தோம். நோக்கம் என்று எழுதியிருந்தது வீதியின் நோக்கம் மட்டும். வயல் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

மொத்தத் தொகை என்ற இடத்தில்தான் இது தொடங்குகிறது. விலை கொடுத்து வேலை கிடைத்த பின்னர், குறைக்கக்கூடிய ஒவ்வொரு மதகும் ஒப்பந்தக்காரருக்கு மிச்சம். அவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, 0.4க்கும் 0.6க்கும் இடையில் தெரிவு செய்யும் வேலை அவருடைய சம்பளக்காரரிடம் இருந்தால் போதும். இன்னொன்றும் உண்டு. மதகின் வாயிலிருந்து தண்ணீரை ஆற்றுக்கோ அடுத்த குளத்துக்கோ கொண்டுபோகும் வாய்க்கால் வீதிக் காணியைத் தாண்டித்தான் போகவேண்டும். அது வனத் திணைக்களத்தின் நிலமாக இருக்கலாம், தனியார் வயலாக இருக்கலாம், கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்த வேண்டிய இடமாகவும் இருக்கலாம். அந்த அனுமதிகளை ஒரு கொந்தராத்துக் கொம்பனி எடுக்கமுடியாது. ஆகவே தண்ணீர் ஓடும் காண், வீதி எல்லைக் கல்லோடு முடிகிறது, வரைபடத்தில் அம்புக்குறி மட்டும் தொடர்கிறது. மேற்பார்வைக்குப் போகிறவர்கள் அந்த அம்புக்குறியின் நுனியில் போய் நின்று பாருங்கள். வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

வெள்ளிப் புத்தகம் இதே பாதையில் இன்னும் ஒரு படி. அதில் நிலத்தின் எல்லாக் கஷ்டங்களையும் முன்கூட்டியே கண்டதாக ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொள்கிறார். விலை கேட்பவர்கள் நிலத்தைப் பார்த்து ஆராயப் போதிய காலமோ தகவலோ இல்லாத வேலைக்கு இது பொருந்தாது என்று அதன் முன்னுரையே சொல்கிறது. ஆறு கிழமையில் விலை போடச் சொல்லும் வன்னி வீதிக்கு அந்த ஒரு வரியே போதிய பதில்.

பராமரிப்போடு சேர்த்துக் கொடுக்கும் முறை எனக்குக் கொஞ்சம் மனச்சாய்வு உள்ள ஒன்று. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் நடந்த ஐ-றோட் திட்டத்தில் வீதியைப் புனரமைத்தவரே பின்னர் சில ஆண்டுகள் பராமரிக்கும் ஏற்பாடு இருந்தது. அதன் இரண்டாம் கட்டத்தில் வட மாகாணமும் சேர்ந்தது. மாரியில் வீதி அரித்தால் தன் காசில் கட்டவேண்டும் என்று தெரிந்தவர், மதகின் வாய்க்குக் கல் அடுக்குவதில் கஞ்சத்தனம் பண்ணமாட்டார். காண் துப்புரவாக இருக்கும். ஆற்றுவாழையும் முட்கிளையும் மதகில் சிக்கினால் ஆள் அனுப்பி எடுப்பார். 600 குழாய்க்குப் பதில் 900 போடவும் யோசிக்கமாட்டார்: விட்டம் ஒன்றரை மடங்கானால் கடத்தும் அளவு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது, அடைபடுவதும் குறைகிறது, உள்ளே ஒரு மனிதன் குனிந்து போய் மண் எடுக்கலாம்.

குறை என்னவென்றால், அவர் பாதுகாப்பது வீதியை. குழி எத்தனை, வெடிப்பு எத்தனை, ஓரம் இறங்கியிருக்கிறதா என்றுதான் மாதாமாதம் புள்ளி போடுகிறார்கள். மேற்பக்கத்தில் வெள்ளம் ஏறி நின்றாலும் வீதிக் கட்டு உறுதியாக இருந்தால் அவருக்கு முழுப் புள்ளி. மேலே சொன்ன தாம்போதிக் கதை இந்த முறையிலும் அப்படியே நடந்திருக்கும். ஒரே வேறுபாடு, கமக்காரர் வெட்டிய இடத்தை அடுத்த நாளே அவர் மூடியிருப்பார். இதைத் திருத்த ஒரு வழி உண்டு. மதகுக்கு மேற்பக்கத்தில் அளவுகோல் ஒன்றை நட்டு, மழை விட்டபின் இத்தனை மணித்தியாலத்துக்குள் நீர்மட்டம் வயல் வரம்புக்குக் கீழே இறங்கவேண்டும், இறங்காவிட்டால் அந்த மாதக் கொடுப்பனவில் கழிவு என்று எழுதலாம். மணித்தியாலக் கணக்கைக் கமநல சேவை நிலையமும் கமக்காரர் அமைப்பும் இருந்து பேசித் தீர்க்கவேண்டும், அது வீதி எஞ்சினியரின் துறை இல்லை. இப்படி ஒரு வாசகத்தை நான் எந்த ஒப்பந்தத்திலும் இன்னும் பார்க்கவில்லை.

கிராமச் சங்கங்களின் வேலை பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிரதேச சபையின் கிரவல் பாதையில் ஒற்றைக் குழாய் மதகு, காண் வெட்டுதல், மாரிக்கு முன் துப்புரவு என்பவற்றை அவர்களிடம் கொடுங்கள். தண்ணீர் எங்கே வரும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கொங்கிறீற் கலவையில் மட்டும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் கூட நிற்கவேண்டும்.

அந்த 18 கிலோமீற்றருக்கு நான் என்ன சொல்வேன்? அளந்து கொடுக்கும் முறை. விரைவைக் காட்டி யாராவது வடிவமைத்துக் கட்டும் முறைக்குத் தள்ளினால் மறுப்பேன். மாகாண வீதியொன்றுக்குக் காப்பெற் வடிவமைப்பில் பெரிய வித்தை இல்லை. அதில் மிச்சப்படுத்தும் நேரம் மதகில் இழக்கப்போவதை ஈடுசெய்யாது. ஆனால் இப்போது நடப்பதுபோல் கோடை வரைபடத்தோடு அளவு முறைக்குப் போவதையும் ஏற்கமாட்டேன். ரெண்டருக்கு முன்னர் ஒரு முழு மாரி வேண்டும். ஐப்பசியில் தொடங்கி ஒரு நில அளவையாளரும் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாதையைக் கிழமைக்கு ஒருமுறை போய்வரட்டும். கோவில் படியில், வீட்டுச் சுவரில், பனையில் இருக்கும் வெள்ள அடையாளங்களை மட்டம் பிடித்து எழுதட்டும். 2018 அடையாளத்தை ஊரில் பலர் கையால் தொட்டே காட்டுவார்கள். மூன்று குளங்களின் வான் மட்டத்தையும் எடுக்கட்டும். சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ். இரண்டு இடத்திலும் போய்க் கேட்கவேண்டியிருக்கும். இதற்கு ஆகும் செலவு ஒரு பெட்டி மதகின் விலைக்குக் கிட்டவும் வராது.

தாம்போதியைத் தாம்போதியாகவே கொங்கிறீற்றில் திருப்பிக் கட்டச் சொல்வேன். இரு பக்கமும் ஆழம் காட்டும் கம்பமும், கீழே சிறு ஓட்டத்துக்கு இரண்டு பெட்டியும் வைத்து. வருடத்தில் இரண்டு நாள் பஸ் நிற்கும். இதற்கு ஊரில் எதிர்ப்பு வரும் என்று தெரியும், ஏனென்றால் பாலம் கட்டினால்தான் அபிவிருத்தி என்று நாங்கள் பழகிவிட்டோம். பாலம் கட்டப் பணம் இருந்தால் தாம்போதியின் முழு நீளத்துக்கும் கட்டுங்கள், சந்தோஷம். அந்த நீளத்தை நான்கு குழாயாகச் சுருக்கும் பாலத்துக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பணம் கொடுப்பவர் வடிவமைத்துக் கட்டும் முறைதான் என்று பிடிவாதமாக நின்றால், ஒரு சமரசம் இருக்கிறது. ஒவ்வொரு கடவைக்கும் குறைந்தபட்ச நீர்வழிப் பரப்பும் வீதியின் உச்ச மட்டமும் அரச தரப்பின் அட்டவணையாகப் பத்திரத்தில் போகட்டும். ஒப்பந்தக்காரர் கூட்டலாம், குறைக்க முடியாது. மதகுகளை மொத்தத் தொகைக்கு வெளியே எடுத்து, அளந்து கொடுக்கும் தனிப் பகுதியாக வைக்கட்டும். எல்லைக் கல்லுக்கு அப்பால் போகும் வாய்க்கால்களின் காணி அனுமதி ரெண்டருக்கு முன்னரே அரச தரப்பால் எடுக்கப்பட்டிருக்கட்டும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் வழக்கமாக 365 நாள். அதை 730 என்று எழுதினால் இரண்டு மாரி உள்ளே வரும். ஒரு மாரி பொய்த்தாலும் மற்றது வந்து சோதித்துவிடும்.

கடைசியாக மீதமிருக்கும் வழக்கு அட்டவணையில் பிழை வந்தால் யார் பொறுப்பு என்பது. அரச தரப்பு தந்த மட்டம் பிழை என்றால் ஒப்பந்தக்காரர் நிச்சயம் இழப்பீடு கேட்பார், மஞ்சள் புத்தகத்தில் அதற்கு இடமும் உண்டு. சட்டப் பிரிவில் இருக்கும் நண்பர் ஒருவர் அதனாலேயே அட்டவணை வேண்டாம் என்கிறார்: “எழுதினால் மாட்டுவோம் அண்ணை.” எழுதாமல் விட்டபோது மாட்டிக்கொண்டவர்கள் மேற்பக்கத்தில் நெல் விதைத்திருந்தார்கள். நானும் அவரும் இதில் இன்னும் ஒத்துவரவில்லை. அடுத்த ரெண்டர் பத்திரம் மாசியில் தயாராகவேண்டும். அளவுகோல் நடுவதற்கு இந்த ஐப்பசிதான் இருக்கிறது.